சும்மா நின்ற வண்டி

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வெளியூர் லாரி டிப்போவுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. போனில் பேசினால் "சரி, விடு பாப்பா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் முழங்காலுக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். உங்கள் முதலாளி, அன்று அம்மாவை இடித்த அதே காரைத்தான் அனுப்புகிறார். எனக்கு அதில் ஏறவே பிடிக்கவில்லை. அம்மா மட்டும், "வண்டி என்னடி பண்ணும், பாவம்" என்று சாதாரணமாக ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். உங்களிடம் பேசாததற்குக் கால் காரணமில்லையாம். "காலு ஒடைஞ்சது விபத்து. பெத்த பிள்ளை மேல பழி போட்டது விபத்தா?" என்று கேட்கிறாள்.

நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.

அன்று நீங்கள் முதலாளிக்காக ஷோரூமிலிருந்து எடுத்த புதுக் காரை எங்களுக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். நான் தெருமுனையில் ஏறிக்கொண்டு பின் இருக்கையில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு முன்னால் நிறுத்தினீர்கள். அம்மா கேட்டின் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கதவு திறக்கவில்லை என்று நீங்கள் இறங்கிப் போனீர்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் அரைப் பக்கம் படித்திருப்பேன். அதற்குள் வண்டி நடக்கிற வேகத்தில் போய் அம்மாவைக் கேட் தூணோடு சேர்த்து அழுத்தியது. சத்தமே இல்லை, அப்பா. அம்மாவின் சத்தம்தான் முதல் சத்தம்.

அன்று சாயங்காலம் வாசலில் முதலாளியிடம் நீங்கள் சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "நான் நியூட்ரல்ல போட்டுட்டுத்தான் சார் இறங்கினேன். பிள்ளை கியரை இழுத்திருக்கும்."

நான் கியரைத் தொடவில்லை. நீங்கள் நியூட்ரலில் போட்டதாகச் சொல்கிறீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. அம்மாவின் காலை உடைத்தது நானா நீங்களா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இறங்குவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

ஜூன் 15

பாப்பாவுக்கு,

எனக்கு எழுத்து நடையெல்லாம் வராது. பேசுற மாதிரியே எழுதுறேன்.

கடுதாசி கெடைச்சுது. வக்கீலம்மா நோட்டீஸ் அனுப்பின மாதிரி இருந்துச்சு. டிப்போவுல எல்லாரும் என்னண்ணே கோர்ட்டு கேஸான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

கேட்டதுக்குப் பதில். வண்டிய நிறுத்தினேன். பிரேக்குல இருந்து காலை மெதுவா எடுத்தேன். வண்டி அசையல. கியர் கைப்பிடிய இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். நல்லா ஆடுச்சு. இறங்கினேன். அவ்வளவுதான்.

இருபத்திரெண்டு வருஷமா லாரி ஓட்டுறேன். ஒரு நாளைக்கு அம்பது தடவை நிறுத்தி இறங்குறவன். கியர்ல மாட்டியிருந்தா கைப்பிடி விறைச்சுக்கிட்டு நிக்கும், நியூட்ரல்ல இருந்தாத்தான் தொளதொளன்னு ஆடும். ஆட்டிப் பார்க்காம இறங்கினதே கிடையாது. அது யோசிச்சுப் பண்றது இல்ல, கை தானாப் பண்ணும்.

இன்னொண்ணு. இஞ்சின் ஓடுறப்ப கியர்ல இருந்தா வண்டி ஒண்ணு நகரணும், இல்ல திணறி அணைஞ்சு போகணும். ரெண்டும் இல்லாம கன்னுக்குட்டி மாதிரி நின்னா அது நியூட்ரல்தான். எந்த டிரைவரை வேணும்னாலும் கேளு.

கை பிரேக் ஏன் போடலன்னு முதலாளி கேட்டார். அந்தக் காருல கை பிரேக்கே இல்ல, இடது பக்கம் காலால மிதிக்கிறது. காரைக் குடுக்கும்போது ஷோரூம்காரர் என்ன சொன்னார் தெரியுமா. "இதுல கிளட்ச்சே இல்ல, உங்களுக்கு இடது கால் இருக்கிறதையே மறந்துடுங்க, கிளட்ச்சுன்னு நெனச்சு பிரேக்கை மிதிச்சுடுவீங்க"ன்னார். நான் அந்தக் காலை மடக்கி சீட்டுக்கு அடியில வச்சுக்கிட்டேன். கால் பிரேக்கு இருக்கிறதே மறந்து போச்சு. அது என் தப்புதான். ஆனா நியூட்ரல் நியூட்ரல்தான்.

நீ கியரைத் தொடலன்னு எழுதியிருக்க. சரி. வேற எதையாச்சும் தொட்டியா? அதை எழுதலயே. உள்ளதைச் சொல்லு. நான் திட்ட மாட்டேன். சின்னப் பிள்ளை செஞ்சதுன்னா நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

அப்பா

ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

யாரும் மறக்கவில்லை. வகுப்பில் என் பெயர் இப்போது "கியர்". நான் உள்ளே வந்தால் பின்வரிசையில் ஒருத்தி, "ஏய், கியர் வருதுடி, எல்லாரும் ஓரமா நில்லுங்க" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் முதல் நாள் சிரித்துவிட்டேன். அதுதான் தப்பாகப் போய்விட்டது.

முதலாளியின் புது டிரைவர் ஒரு அக்கா. சுருட்டை முடி, அதனால் அம்மா அவரைச் சுருட்டை என்றே கூப்பிடுகிறாள். அவரிடம் கேட்டுக் காரின் கையேட்டை வாங்கி வந்தேன். "கதைப் புத்தகம் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். இரண்டு முறை படித்தேன். புரியாததைப் பள்ளி நூலகத்தில் இருக்கும் மோட்டார் புத்தகத்தில் பார்த்தேன். நீங்கள் எழுதியதில் ஒன்று இந்த வண்டிக்குப் பொருந்தாது.

லாரியில் இஞ்சினும் கியரும் கிளட்ச் தகட்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் கியரில் இருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் இஞ்சின் திணறி அணைகிறது. இது ஆட்டோமேட்டிக் கார், இதில் தகடு இல்லை. நடுவில் எண்ணெய் நிறைந்த ஒரு உருண்டை இருக்கிறது, டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். அதற்குள் இரண்டு விசிறிகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஒன்றை இஞ்சின் சுற்றுகிறது. அது எண்ணெயை வீச, எண்ணெய் மற்றதைத் தள்ளுகிறது. மற்றதுதான் சக்கரத்தோடு சேர்ந்தது.

வீட்டில் மேசை விசிறியைச் சுழலவிட்டு, எதிரில் அணைத்த விசிறி ஒன்றை வைத்துப் பார்த்தேன். அணைத்த விசிறியும் சுற்றியது. அதன் இறக்கையை அட்டையால் பிடித்து நிறுத்தினேன். அது நின்றது, முதல் விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அட்டையை எடுத்தேன். உடனே மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அம்மா, "ரெண்டு விசிறி ஓட்டுற அளவுக்கா வேர்க்குது?" என்றாள்.

அப்பா, அட்டைதான் பிரேக். இந்த மாதிரி வண்டியில் லிவர் டி-யில், அதாவது முன்னால் போகிற இடத்தில், இருந்தால், இஞ்சின் சும்மா ஓடினாலே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். யாரும் ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டாம். நிற்கிற வண்டி சும்மா நிற்கவில்லை, பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கால் அசந்தால் போதும்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ரோட்டைக் கடக்க முடியவில்லை. சிக்னலில் எல்லா வண்டிகளும் அமைதியாக நிற்கின்றன. முன்பு எனக்கு அது ஓய்வு மாதிரி தெரியும். இப்போது ஒவ்வொன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு என் மேல் வரப் பார்க்கிற மாதிரி தெரிகிறது. ஓட்டுகிறவர் போனைப் பார்க்கிறார், தும்முகிறார், பின்னால் திரும்பிக் குழந்தையிடம் பேசுகிறார். நான் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, காலை நினைத்துக்கொள்கிறேன். நேற்று சிக்னல் மூன்று முறை மாறியும் நான் இந்தப் பக்கமே நின்றேன். பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது.

நீங்கள் சொன்ன ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. டி-யில் இருந்திருந்தால், நீங்கள் காலை எடுத்ததும் வண்டி நகர்ந்திருக்க வேண்டுமே. அது ஏன் நின்றது? நின்றதை நானும் பார்த்தேன். அப்படியானால் நீங்கள் சொல்வதுபோல் அது நியூட்ரலில்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு யார் அதை டி-க்கு மாற்றியது? வண்டிக்குள் இருந்தது நான் மட்டும்தான்.

வேறு எதையாவது தொட்டாயா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மகள்

ஜூன் 28

பாப்பாவுக்கு,

அடுத்த கடுதாசின்னு எழுதிட்டு ஒரு வாரமா வரல. நானே எழுதுறேன்.

விசிறிக் கதையப் படிச்சேன். நாலு தடவை படிச்சேன். இங்க ஒரு மெக்கானிக் இருக்கார், அவர்கிட்ட காட்டினேன். "இதை எழுதினது யாரு, என்ஜினியரா?" ன்னார். எம்பொண்ணுன்னேன். சொல்லும்போது சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அவர் போனதுக்கப்புறம்தான் நீ எழுதினது என்னன்னு உறைச்சுது.

ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட சொல்லாத. அதைப் படிச்ச நாள்லேர்ந்து லாரிய விட்டு இறங்க முடியல. நிறுத்துறேன், ஆட்டிப் பார்க்குறேன், ஆடுது, கை பிரேக்கை இழுக்குறேன். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழ வச்சா மறுபடியும் ஏறிடுறேன். மறுபடியும் ஆட்டிப் பார்க்குறேன். நேத்து எடை மேடையில ஏத்தி நிறுத்தினேன். சீட்டு எழுதுற பொண்ணு, "என்னண்ணே, இறங்க மனசு வரலையா? வண்டியோட பிரியா விடையா?" ன்னு கிண்டல் பண்ணிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. உன்னைய மாதிரியே நானும் சிரிச்சேன்.

நேத்துல இருந்து சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வச்சுட்டுத்தான் போறேன். சமதளத்துல கட்டை வைக்கிற டிரைவரைப் பார்த்திருக்கியா? நான் பார்த்ததில்ல.

கை பொய் சொல்லாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தவன் நான். அன்னிக்கு ஆடுச்சு பாப்பா. இந்தக் கையில இன்னும் அது இருக்கு. இடது பக்கம் போச்சு, வலது பக்கம் வந்துச்சு. அது மட்டும் பொய்யின்னா இருபத்திரெண்டு வருஷமும் என்னன்னு எனக்குத் தெரியல. அத்தனை வருஷத்துல எத்தனை பேர் என் வண்டிக்கு முன்னாடி நடந்து போயிருப்பாங்க.

நீ எதைத் தொட்டிருந்தாலும் எழுது. தொடலன்னாலும் எழுது. எழுதாம இருக்காத.

அப்பா

ஜூலை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இறங்கிப் போன பிறகு எனக்குப் புழுக்கமாக இருந்தது. பின்னாலிருந்து இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே குனிந்து ஏசி பொத்தானை அழுத்தினேன். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். கியர் லிவர் அந்தப் பொத்தானுக்குக் கீழேதான் இருக்கிறது. என் முழங்கை அதில் பட்டதா என்று எனக்கு நினைவில்லை. பட்டிருந்தால்? அதனால்தான் எல்லாரிடமும் "கியரைத் தொடவில்லை" என்று மட்டும் சொன்னேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் எனக்காக உங்களிடம் பேசாமல் இருக்கிறாள். நான் பாதி உண்மையைச் சொல்லி அவளைப் பேசாமல் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அம்மாவைப் படுக்க வைத்த பிறகு, சுருட்டை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "வா, வண்டியையே கேட்டுடலாம். நீ பக்கவாட்டுல நில்லு. முன்னாடி வந்தே, காதைத் திருகிடுவேன்" என்றார்.

அதே இடத்தில், கேட்டைப் பார்த்து நிறுத்தினார். லிவர் டி-யில் இருந்தது. ஏசி அணைந்திருந்தது. நான் முன் சக்கரத்துக்கு ஒரு விரல் முன்னால் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அக்கா காலை பிரேக்குக்கு மேலேயே வைத்துக்கொண்டு மெதுவாக எடுத்தார்.

வண்டி நின்றது, அப்பா.

டி-யில், யாரும் பிடிக்காமல், சும்மா நின்றது. நகர்ந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. நான் பாதி நிரம்பிய தண்ணீர்ப் புட்டியைத் தரையில் படுக்க வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ரோட்டுப் பக்கம் சாய்ந்தது. நம் வாசல் கேட்டை நோக்கி லேசாக ஏறுகிறது, கண்ணுக்கே தெரியாத மேடு. இஞ்சின் முன்னால் தள்ளுகிறது, மேடு பின்னால் தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருந்ததால் வண்டி நின்றது. நீங்கள் காலை எடுத்தபோது நின்றதும் இப்படித்தான்.

பிறகு அக்கா ஏசியைப் போட்டார். ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. இஞ்சின் சத்தம் கொஞ்சம் கனத்தது. ஏசியைச் சுற்றுவதற்காக இஞ்சின் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் என்று கையேட்டில் இருக்கிறது. கூழாங்கல் டயருக்கு அடியில் நறுக்கென்றது. அக்கா பிரேக்கை மிதித்தார்.

ஆகவே வண்டியை நகர வைத்தது என் விரல்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் மூன்று தாள்கள் கிழிந்தன.

நீங்கள் ஆட்டிப் பார்த்ததாக எழுதியதை அக்காவிடம் சொன்னேன். அவர் லிவரை நியூட்ரலில் போட்டு என்னை ஆட்டச் சொன்னார். ஆடவில்லை. தூண் மாதிரி நின்றது. பின்னோக்கிப் போகிற இடத்தில் போட்டார். ஆடவில்லை. நிறுத்தி வைக்கிற இடத்திலும் ஆடவில்லை. டி-யில் போட்டார். இடமும் வலமும் தாராளமாக ஆடியது. டி-க்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். கியரை நாமே மாற்ற வேண்டுமென்றால் லிவரை அந்தப் பக்கம் தள்ள வேண்டுமாம். அதனால் இந்தக் காரில் டி-யில் இருக்கும்போது மட்டும்தான் லிவர் ஆடும்.

உங்கள் கை பொய் சொல்லவில்லை, அப்பா. அது ஆடியது உண்மை. ஆடியதால்தான் அது டி.

அக்கா, "யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன். நீயும் உங்கப்பாவும் பேசிக்குங்க" என்றார். நான் அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களை ஓட்ட விடமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் எனக்குள் இருப்பதை என்ன செய்வது என்றும் பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன். நான்தான் கியரை இழுத்தேன் என்று சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மகள்

ஜூலை 10

பாப்பா,

நீ கடைசியா எழுதின வரியப் படிச்சுட்டு லாரி அடியில போய் உட்கார்ந்துட்டேன். வேலை பார்க்குற மாதிரி. யாரும் பார்க்கக் கூடாதுன்னு.

இனிமே அந்த மாதிரி எழுதாத. அப்படிக் கேக்குற அப்பனா நான்? ஆமா, கேட்டவன்தான். உள்ளதைச் சொல்லு, சின்னப் பிள்ளை செஞ்சதுன்னா மறந்துடுவாங்கன்னு நான் எழுதினது அதுதானே.

ஏசி போட்டதுக்கு நீ எதுக்கு அழற? காருக்குள்ள உட்கார்ந்திருக்கிற பிள்ளை புழுக்கமா இருந்தா ஏசி போடும். போடத்தான் அந்தப் பொத்தான். பொத்தானை அழுத்தினா வண்டி ஆள் மேல ஏறுற மாதிரி நிறுத்திட்டுப் போனவன் நான். வக்கீலம்மா, இதுல கேஸே இல்ல. தீர்ப்பு நானே எழுதிட்டேன்.

உன்கிட்ட ஒண்ணு மறைச்சேன். அன்னிக்கு வாசல்ல முதலாளி கேட்டப்ப எனக்கு நிச்சயமாத் தெரியல. ஓடிப் போய் பிரேக்கை மிதிச்சு, கியரை நிறுத்தி வைக்கிற பி-க்குத் தள்ளினேன். எங்க இருந்து தள்ளினேன்னு கை சொல்லல. உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் எலி மாதிரி ஓடுச்சு. அதுக்கு முன்னாடியே வாய் முந்திக்கிச்சு. பிள்ளைன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் அதையே நம்பிக்கிட்டேன். அது சுலபமா இருந்துச்சு. நீ ஜன்னலுக்கு உள்பக்கம் புத்தகத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்.

நேத்து முதலாளிக்குப் போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன். ஆடினது, மேடு, ஏசி, எல்லாம். அப்புறம், "இப்ப ஏன்யா சொல்றே, அப்பவே முடிஞ்சுபோச்சே" ன்னார். எனக்கு முடியல சார்ன்னேன். சாவியக் குடுத்துடச் சொன்னார். கொஞ்ச நாள் டிப்போவுல சரக்கு ஏத்துறவங்களைப் பார்த்துக்கச் சொல்லியிருக்கார். மறுபடி ஓட்டுறதைப் பத்தி அப்புறம் பேசலாமாம். சாவியக் குடுக்கிறதுக்கு முன்னாடி லாரியில ஏறி கியரை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தேன். குடுத்ததுக்கப்புறம் வண்டியத் திரும்பிப் பார்க்கல. அது நல்லதா கெட்டதான்னு தெரியல.

இந்தக் கடுதாசிய அம்மாகிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டு. ஒரு வரி விடாம. நான்தான் வண்டிய டி-யில விட்டுட்டு இறங்கினேன். பிள்ளை மேல தப்பு இல்ல. பிள்ளை மேல சொன்னது என் தப்பு.

அடுத்த வாரம் சனிக்கிழமை மதியம் பஸ்ஸுல வர்றேன்.

அப்பா

ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

இது சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும் என்று தபால்காரர் சொன்னார்.

படித்துக் காட்டினேன். ஏசி பொத்தானை அழுத்தியதை முதலில் நானே சொன்னேன், அப்புறம்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். அம்மா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கேட்டாள். "பார்த்துக்கிட்டே சொன்னேன்" என்ற இடம் வந்ததும், "அதை இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவள் தாளை வாங்கித் தானே படித்துக்கொண்டாள்.

பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு நாளா இந்தக் கையை வச்சுக்கிட்டுப் பயந்துக்கிட்டா இருந்தே? என்கிட்ட சொல்றதுக்கென்ன, மக்கு" என்றாள்.

சாயங்காலம் உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "வரச் சொல்லு. ஆனா கடுதாசியில எழுதினதோட முடிஞ்சுதுன்னு நெனைக்க வேணாம்னு சொல்லு. பிள்ளை மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் எங்கிட்ட பேச்சு."

அப்பா, எனக்கு அது பயமாக இருக்கிறது. நீங்கள் என்னைப் பார்த்துச் சொல்லும்போது நான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "பரவாயில்லை அப்பா" என்று அவசரமாகச் சொல்லிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. பரவாயில்லை என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் சொல்ல விரும்பவில்லை.

அம்மாவால் வர முடியாது. பஸ் நிலையத்துக்கு நான் மட்டும் வருவேன். இறங்கியதும் ஒன்றும் சொல்லாதீர்கள். உங்கள் பையை என்னிடம் கொடுங்கள். பாதி வழி பேசாமல் நடந்து வருவோம். அதன் பிறகு ஆரம்பியுங்கள். நான் உங்களைப் பார்க்காமல் நடந்தாலும் சொல்லி முடித்துவிடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். நான் கேட்டுக்கொண்டுதான் வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்